கேரவனை எதில் கொளுவுவது: உழவு இயந்திரமா, வேனா, கெப்பா?

இழுவைப் பெட்டி கொளுவத் தெரிந்த ஓர் ஆளாவது இல்லாத வீடு மட்டக்களப்பு, அம்பாறைக் கிராமங்களில் அரிது. மீசை அரும்பாத பையன்கூட உழவு இயந்திரத்தைப் பின்னெடுத்து, துவாரத்துக்கு நேரே துவாரத்தை நிறுத்தி, ஊசியை இறக்கிவிட்டுப் பாட்டுக் கேட்டபடி போய்விடுவான். சம்மாந்துறை வயலிலிருந்து ஆலைக்குப் போகும் நெல்லும், படுவான்கரையிலிருந்து வரும் ஆற்று மணலும், கொக்கட்டிச்சோலைத் திருவிழாவுக்குப் புறப்படும் குடும்பமும் அந்த ஒற்றை ஊசியை நம்பித்தான் போகின்றன. இந்தப் பழக்கம்தான் இப்போது தொல்லை தருகிறது. அறுகம்பை உல்லையிலும் பாசிக்குடாவிலும் விடுதி வைத்திருப்பவர்கள், விருந்தினரைத் தங்கவைக்க இழுத்துச் செல்லும் சிறிய கேரவன் ஒன்றைக் கட்டலாமா என்று யோசிக்கிறார்கள். கட்டில் எந்தப் பக்கம், அடுப்பு எங்கே, மின்விசிறி போதுமா என்று கிழமைக்கணக்கில் பேசுகிறார்கள். எதில் கொளுவுவது, எப்படிக் கொளுவுவது என்ற கேள்வி மட்டும் கடைசி நாளில் வெல்டிங் கடைக்காரரின் தலையில் விழுகிறது.

பொத்துவிலில் இருக்கும் என் மருமகனும் அந்த இடத்தில்தான் நிற்கிறார். "பெட்டியைக் கட்டத்தான் மாமா காலம் எடுக்கும். கொளுவ அரை நாள் போதாதா?" என்று கேட்டார். அவருடைய திட்டம் பெரியதன்று. நான்கு மீற்றருக்கு உட்பட்ட உடல், இருவர் படுக்கும் கட்டில், ஒரு சின்ன அடுப்படி, 60 லீற்றர் தண்ணீர்த் தாங்கி, ஒற்றை அச்சு. சாமான் ஏற்றினால் 700 கிலோ வரும் என்று வைத்துக்கொள்வோம். தெற்கே பாணமை, ஒகந்தை. வடக்கே கல்லடி, பாசிக்குடா. ஆண்டில் ஓரிரு முறை பதுளைப் பக்கம். கைக்கு எட்டும் வண்டிகள் மூன்று: தகப்பனாரின் உழவு இயந்திரம், அவர் ஓட்டும் பழைய டொயோட்டா டொல்பின் வேன், நண்பர் ஒருவர் விற்கவிருக்கும் ஹைலக்ஸ் கெப், அதாவது பின்னால் திறந்த சாமான் தட்டுள்ள வண்டி.

உழவு இயந்திரத்தைப் பார்த்து நான் சிரிக்கமாட்டேன். கடற்கரை மணலில் இறங்க வேண்டுமானால் மற்ற இரண்டும் அதற்கு ஈடாகா. பெரிய சில்லு, தாழ்ந்த கியர், அவசரம் இல்லாத இயந்திரம். ஆனால் ஊசிக் கொளுவியின் தன்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். துவாரம் ஊசியைவிடப் பெரிதாக இருக்கும். இருந்தால்தான் வரம்பிலும் பள்ளத்திலும் வண்டியும் பெட்டியும் தத்தம் போக்கில் சாயமுடியும். அந்த இடைவெளியால் ஒவ்வொரு முறை வேகம் கூட்டும்போதும் குறைக்கும்போதும் பெட்டி முன்னும் பின்னும் இடிக்கிறது. மணிக்கு 20 கிலோமீற்றரில் அது வெறும் சத்தம். 60 கிலோமீற்றரில் ஓடும் பெட்டியிடம் இருக்கும் இயக்கச் சக்தியோ ஒன்பது மடங்கு. அதே இடைவெளி அப்போது ஊசியையும் அதைத் தாங்கும் தட்டையும் அடித்துத் துவைக்கும்.

இன்னொன்று, ஊசிக்குக் கீழே மாட்டும் பூட்டுக் கம்பி. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று சொல்லிக்கொண்டே, அந்தக் கம்பிக்குப் பதிலாக ஆணியை வளைத்துச் செருகுகிறவர்களை நாள்தோறும் பார்க்கிறோம். ஆணி தெறித்தால் குலுங்கக் குலுங்க ஊசி மேலே ஏறி வெளியே வந்துவிடும்.

பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்கு ஏ-4 வீதியில் நூறு கிலோமீற்றருக்கு மேல். உழவு இயந்திரத்தில் அது நான்கு மணி நேரத்துக்கும் அதிகம். வழியில் அக்கரைப்பற்று, கல்முனை போன்ற நெரிசலான நகரங்கள் வேறு. ஆகவே உழவு இயந்திரம் ஊருக்குள்ளே, மணலிலே, நடக்கும் வேகத்திலே. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

உண்மையான ஆபத்து உழவு இயந்திரத்தில் இல்லை. அதன் கொளுவியைக் கழற்றிக்கொண்டு போய்க் கெப்புக்கும் வேனுக்கும் பொருத்துவதில் இருக்கிறது. வெல்டிங் கடைகளில் கிடைக்கும் வாதம் எப்போதும் ஒன்றே: "இதே ஊசி தொன் கணக்கில் நெல் இழுக்கிறது தம்பி, உங்களுடைய தகரப் பெட்டி எம்மாத்திரம்?" ஊசியின் பலத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வீதியில் கேட்கப்படும் கேள்வி வேறு. கெப்பின் முன்சில்லு மதகு மேட்டில் ஏறும் நேரத்தில் பெட்டியின் இடது சில்லு குழியில் இறங்குகிறது. அதே கணத்தில் வண்டி வளைவிலும் திரும்புகிறது. மேல்-கீழ், இடம்-வலம், உருள்தல் ஆகிய மூன்று அசைவுகளுக்கும் கொளுவி ஒரே நேரத்தில் இடம்கொடுக்க வேண்டும். ஆனால் தளர்ந்து ஆடக்கூடாது. தட்டுக்குள் செருகிய ஊசிக்கு முதலாவது கொஞ்சம் முடியும், இரண்டாவது நன்றாக முடியும், மூன்றாவது முடியாது. முடியாத அசைவு முறுக்கமாக மாறி இழுவைத் தண்டிலும் வெல்டிங் பொருத்திலும் சேர்கிறது. பொருத்து ஒரே நாளில் உடைவதில்லை. முடி அகலத்தில் வெடித்து, கறள் பிடித்து, சாயத்துக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் வளர்கிறது.

கொளுவும் பந்துக்கு இந்த மூன்றும் இயல்பாக வரும். உருண்டையான இரும்புப் பந்தின் மேல் கிண்ணம் போன்ற தலை அமர்ந்து, கீழிருந்து ஒரு நாக்கு பிடித்துக்கொள்கிறது. தளர்வு அநேகமாக இல்லை. அசைவு எல்லாப் பக்கமும் உண்டு. வேனானாலும் கெப்பானாலும் தார் வீதியில் இழுக்கப்போகிறவருக்குப் பந்து ஒன்றுதான் வழி. இராணுவ வண்டிகளில் இருக்கும் வளையமும் கொக்கியும் நல்ல பலசாலிதான், ஆனால் அதுவும் தளர்ந்து இடிக்கும். கரடு முரடான காட்டுப்பாதைக்குப் பொருந்தும், கட்டிலில் படுக்க வரும் விருந்தினருக்குப் பொருந்தாது. அமெரிக்காவில் பெரிய கேரவன்களுக்குப் போடும் வில்தண்டுக் கொளுவிகளைப் படத்தில் பார்த்துவிட்டு அது வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. மூக்குப் பாரத்தின், அதாவது பெட்டியின் முன்முனை பந்தின் மேல் அழுத்தும் பாரத்தின், ஒரு பகுதியை வண்டியின் முன்சில்லுகளுக்குத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. 700 கிலோப் பெட்டிக்கு அது தேவையற்ற செலவு.

வேனா, கெப்பா என்பதுதான் மீதிக் கேள்வி. வேன் ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆட்களையும் ஏற்றலாம், பெட்டியையும் இழுக்கலாம் என்ற கணக்கு கவர்ச்சியானது. அந்தக் கணக்கில் விடுபடுவது பின் அச்சு. பத்துப் பேர் ஏறி, பின்னால் பயணப் பைகளும் அடுக்கிய வேனின் பின் வில்லுகள் முன்பே படிந்திருக்கும். அதன் மேல் பெட்டியின் மூக்குப் பாரம் வந்து அமரும்போது, அமருமிடம் அச்சின் மேல் அன்று. அதற்கும் ஒரு மீற்றருக்கு மேல் பின்னால்.

இதை எண்ணாகவே பார்ப்போம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீற்றர், பின் அச்சிலிருந்து பந்து 1.2 மீற்றர் தள்ளி, மூக்குப் பாரம் 70 கிலோ என்றால், முன் சில்லுகளிலிருந்து 28 கிலோ உயர்ந்துவிடுகிறது. பின் அச்சு 70 அல்ல, 98 கிலோ சுமக்கிறது. டொல்பினின் அச்சிடைத் தூரம் 3 மீற்றரைவிடக் குறைவு. ஆகவே முன்பக்கம் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே இலேசாகும். முன் சில்லு இலேசானால் மழையில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. இரவில் முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

வேனின் உடலும் அடிச்சட்டமும் ஒரே தகட்டு அமைப்பாகச் சேர்ந்தவை. பந்தைத் தாங்கும் சட்டத்தைப் பொருத்த உறுதியான இடம் பின்பக்கத்தில் இரண்டு மெல்லிய நெடுஞ்சட்டங்கள் மட்டுமே. கடற்காற்றில் ஆண்டுக்கணக்கில் நின்ற வேனின் பின் தரையைக் கீழே படுத்து ஒரு திருகாணிச் செலுத்தியால் குத்திப் பாருங்கள்; குத்திய இடம் உதிர்ந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. அதையும் தாண்டினால், பெட்டி கொளுவியிருக்கும்போது மேல்நோக்கித் திறக்கும் பின் கதவு இழுவைத் தண்டிலோ அதன் மேல் வைத்த சாமானிலோ முட்டும் என்ற சில்லறைத் தொல்லை. சில்லறைதான், ஆனால் ஒவ்வொரு நாளும் வரும். இருவர் மட்டும் போகிற, கறள் இல்லாத வேனுக்கு 500 கிலோவுக்கு உட்பட்ட இலேசான பெட்டியை நான் சம்மதிப்பேன். விருந்தினரை ஏற்றிக்கொண்டு 700 கிலோ இழுக்கும் வேனுக்குச் சம்மதிக்கமாட்டேன்.

கெப் இந்த வேலைக்கென்றே பிறந்த வண்டி. ஏணி போன்ற தனி அடிச்சட்டம், அதன் மேல் உடல். பந்தைத் தாங்கும் சட்டத்தை அந்த நெடுஞ்சட்டங்களில் போல்ட் போட்டு இறுக்கலாம். இங்கே இரண்டு எச்சரிக்கை. முதலாவது, பின் பம்பரில் துளை போட்டுப் பந்தை மாட்டித் தரும் வேலையை ஏற்க வேண்டாம். படி வைத்த பம்பர் காலை வைத்து ஏறத்தான். இழுக்க அதற்கு வலு இருப்பதாக வாகனக் கையேட்டில் எழுதியிருந்தால் மட்டும் நம்பலாம். இரண்டாவது, பிற நாட்டு எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்திரேலியாவில் விற்கும் இன்றைய நான்கு சில்லு இழுவை டீசல் ஹைலக்ஸுக்குப் பிரேக் உள்ள பெட்டியானால் 3500 கிலோ, பிரேக் இல்லாவிட்டால் 750 கிலோ என்று தயாரிப்பாளரே சொல்கிறார். அதைக் காட்டி "மூன்றரைத் தொன் இழுக்கும்" என்று விற்க வருகிற பழைய கெப், வேறு ஆண்டு, வேறு இயந்திரம், வேறு சந்தைக்குச் செய்த வண்டியாக இருக்கலாம். அந்த வண்டியின் கையேடு சொல்வதே கணக்கு.

தொழிற்சாலையில் செய்த கொளுவிச் சட்டமானால் அதில் ஒரு சிறிய தட்டு ஒட்டியிருக்கும். ஐரோப்பிய வகைத் தட்டில் டி என்றும் எஸ் என்றும் இரண்டு எண்கள். எஸ் என்பது பந்தின் மேல் அழுத்தக்கூடிய அதிகபட்ச மூக்குப் பாரம், கிலோவில். டி என்பது இழுவைத் தாங்குதிறன், கிலோநியூட்டனில். வண்டியின் எடையையும் பெட்டியின் எடையையும் தொன்னில் பெருக்கி, அந்த இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81ஆல் பெருக்கினால் தேவைப்படும் டி வரும். 2.9 தொன் கெப்புக்கும் 0.7 தொன் பெட்டிக்கும் அது ஐந்தரைக்குச் சற்று மேல். தட்டில் அதைவிடப் பெரிய எண் இருக்க வேண்டும். தட்டே இல்லாத சட்டத்தை எவ்வளவு தடித்த இரும்பில் செய்திருந்தாலும் யாரும் சோதிக்கவில்லை என்றுதான் பொருள். உள்ளூரில்தான் செய்விக்க வேண்டும் என்றால், குறைந்தது அடிச்சட்டத்தில் வெல்டிங் செய்யாமல் போல்டில் மாட்டச் சொல்லுங்கள். சட்டத்தின் இரும்பைத் தீயில் காய்ச்சினால் காய்ந்த இடத்தின் ஓரத்தில் அது பலம் குன்றும்.

கொளுவாமலே தீர்க்கும் வழியும் ஒன்று உண்டு: வேனுக்குள்ளேயே கட்டில் போடுவது. மலைநாட்டுக்கே அதிகம் போகிறவர், தனியாக ஓட்டுகிறவர், பின்னெடுக்கப் பயப்படுகிறவர் அதைச் செய்யட்டும். மருமகனுக்கு அது உதவாது. பெட்டியைப் பாணமையில் விட்டுவிட்டுக் கெப்பில் கடைக்குப் போய்வருவதுதான் அவருக்கு வேண்டியது.

பந்து என்று முடிவானதும் அளவு. 50 மில்லிமீற்றர்ப் பந்து ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வழக்கம். அமெரிக்க வழக்கம் அங்குலக் கணக்கு. இரண்டு அங்குலம் என்பது 50.8 மில்லிமீற்றர். கொள்கலனில் வரும் பழைய உதிரிகளில் இரண்டும் கலந்து கிடக்கும். ஐம்பது பந்தின் மேல் இரண்டங்குலத் தலை வைத்தால் அமர்ந்ததுபோலத்தான் தோன்றும். பள்ளத்தில் விழும்போது தளர்வு தெரியும். இரண்டு அங்குலப் பந்தில் ஐம்பது தலை முழுதாக இறங்காது. இறங்காமலே நெம்புகோல் பாதி மூடிக்கொள்வதும் உண்டு. பந்திலும் தலையிலும் அளவைப் பொறித்திருப்பார்கள், படித்துப் பாருங்கள். பழைய பந்தை வேர்னியர் வைத்து அளந்து, அரை மில்லிமீற்றர் தேய்ந்திருந்தால் வாதாடாமல் புதியது போடுங்கள். சாதாரணத் தலைக்குப் பந்தில் கிரீஸ் பூச வேண்டும். ஆட்டத்தைத் தடுக்க உள்ளே உராய்வுக் கட்டை வைத்த தலையானால் ஒரு சொட்டுக் கிரீஸும் படக்கூடாது. உப்புக்காற்றில் கறளைத் தடுக்க எல்லாவற்றிலும் கிரீஸ் அப்பும் நம் பழக்கம் அங்கே எதிரியாகிவிடும்.

கொளுவும் முறையில் நான் வற்புறுத்துவது ஒரே ஒரு சோதனை. பெட்டியின் சில்லுக்குக் கட்டை வைத்து, தலையைப் பந்தின் மேல் இறக்கி, நெம்புகோல் மூடியதும், முன் ஜக்கைத் திரும்பவும் சுற்றி மேலே தூக்குங்கள். கெப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் நாக்கு பிடித்திருக்கிறது. தலை மட்டும் தனியே எழும்பினால், வீதியில் நடக்கவிருந்தது வீட்டு முற்றத்தில் நடந்துவிட்டது என்று மகிழுங்கள். பிறகு இரண்டு காப்புச் சங்கிலிகளையும் தலைக்குக் கீழே குறுக்காக மாட்ட வேண்டும். இடது சங்கிலி வலது வளையத்துக்கு, வலது சங்கிலி இடது வளையத்துக்கு. தலை கழன்றாலும் இழுவைத் தண்டு தார் வீதியைக் குத்தாமல் அந்தக் குறுக்கில் விழுந்து தாங்கும். திரும்புவதற்குப் போதிய நீளம் வேண்டும்; தரையில் உரசும் அளவு கூடாது.

விளக்குக் கம்பி நம் கராஜ்களில் அதிகம் பிழைக்கும் இடம். வெள்ளைக் கம்பி நில இணைப்பு. அதில் ஐரோப்பிய முறையும் ஆஸ்திரேலிய முறையும் ஒத்துப்போகின்றன. இடது சமிக்ஞைக்கு மஞ்சள், வலதுக்குப் பச்சை, பிரேக் விளக்குக்குச் சிவப்பு என்பதும் ஒன்றே. மற்ற நிறங்களில் பிரிகிறார்கள். பழுப்பு ஐரோப்பாவில் வலது பின்விளக்கு மட்டும், ஆஸ்திரேலியாவில் பின்விளக்கு முழுவதும். கறுப்பு ஐரோப்பாவில் இடது பின்விளக்கு, ஆஸ்திரேலியாவில் பின்னோட்ட விளக்கு. நிறத்தை நம்பி முறுக்காமல் ஒவ்வொன்றாக எரியவிட்டுப் பாருங்கள். நில இணைப்பைப் பந்து வழியாகவே விட்டுவிட்டால் போதும் என்று சொல்பவரிடம் கிரீஸ் மின்சாரத்தைத் தடுக்கும் என்பதை நினைவூட்டுங்கள். இடது சமிக்ஞை போட்டால் பின்விளக்கு எல்லாம் சேர்ந்து மினுங்கும் பெட்டிகளுக்கு நோய் அநேகமாக அதுதான்.

இனி மூக்குப் பாரம். நான் கண்டவரையில் கேரவன் வாங்குவோர் யாரும் கேட்காத கேள்வி இது. பெட்டி ஆடுமா, அடங்குமா என்பதைத் தீர்மானிப்பதும் இதுவே. பெட்டியின் மொத்த எடையில் எவ்வளவு பந்தின் மேல் அழுத்துகிறது? அமெரிக்காவில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை என்பார்கள், ஆஸ்திரேலியாவில் 10ஐ ஒட்டி, ஐரோப்பாவில் 5 முதல் 7. நம் பெட்டிக்கு நான் 70 கிலோவைக் குறிவைப்பேன். குறைந்தால் என்ன ஆகும்? பாரத்தின் மையம் அச்சை நோக்கிப் பின்னே நகர்கிறது; மிகக் குறைந்தால் அச்சையும் தாண்டிவிடும். அப்போது பெட்டியின் வால் காற்றிலோ குழியிலோ ஒரு பக்கம் விலகினால், பின்னால் கிடக்கும் பாரமே அதை மேலும் விலக்குகிறது. வேகம் கூடக் கூட அந்த ஆட்டம் அடங்காமல் வளர்ந்து, முன்னால் போகும் கெப்பின் வாலையும் பிடித்து ஆட்டத் தொடங்கும்.

உழவு இயந்திரக்காரருக்கு இது புதிது. நெல் மூட்டையை முன்னே அடுக்கினாலும் பின்னே அடுக்கினாலும் 20 கிலோமீற்றரில் ஒன்றும் ஆவதில்லை. மருமகனின் வரைபடத்தில் தண்ணீர்த் தாங்கி அச்சுக்கு ஒரு மீற்றர் பின்னால் இருந்தது; அடுப்படிக்குக் குழாய் நீளம் மிச்சம் என்பது அவருடைய நியாயம். பந்திலிருந்து அச்சுக்கு 3 மீற்றர் என்றால், நிரம்பிய 60 லீற்றர் தாங்கி அங்கே இருக்கும்போது மூக்கிலிருந்து 20 கிலோவைத் திருடுகிறது. அதையே அச்சுக்கு ஒரு மீற்றர் முன்னால் வைத்தால் 20 கிலோவைக் கூட்டுகிறது. ஒரே தாங்கி, 40 கிலோ வித்தியாசம். பின் சுவரில் இரண்டு மிதிவண்டிகள், 30 கிலோ, அச்சுக்கு இரண்டு மீற்றர் பின்னால் தொங்கினால் இன்னுமொரு 20 கிலோ போய்விடும். 70ஐக் குறிவைத்துக் கட்டிய பெட்டி இப்படித்தான் 30இல் ஓடும். உச்சிக்கு மேல் கட்டிய அலைச்சறுக்குப் பலகைகள் எடையில் அற்பம், காற்றுக்குப் பாய் விரித்ததுபோல. எரிவாயுச் சிலிண்டரை முன்பக்கம் தண்டின் மேல் வைப்பார்கள். 12.5 கிலோ என்பது உள்ளே இருக்கும் வாயு மட்டும். இரும்பையும் சேர்த்தால் ஏறக்குறைய இரு மடங்கு. கணக்கில் அதையும் எழுதுங்கள்.

நான் சொன்னது தாங்கியை அச்சின் மேலேயே வைக்கும்படி. நிரம்பினாலும் வெறுமையானாலும் மூக்கு மாறாது.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். முழுச் சாமானும் ஏற்றி, சமதரையில், கெப்பில் கொளுவும் உயரத்துக்குத் தலையை நிறுத்தி, அதற்கடியில் மரக்கட்டை, கட்டைக்கடியில் வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசு. படகு இழுப்பவர்களின் மூக்கு அந்தத் தராசுக்கு மிஞ்சினால் ஒரு வலுவான பலகையின் ஒரு முனையைக் கல்லிலும் மறு முனையைத் தராசிலும் வையுங்கள். கல்லிலிருந்து ஒரு பங்கு தூரத்திலும் தராசிலிருந்து இரண்டு பங்கு தூரத்திலும் தலையை இறக்கி, காட்டும் எண்ணை மூன்றால் பெருக்குங்கள். மொத்த எடைக்கு நம் மாவட்டங்களில் பஞ்சமில்லாதது நெல் ஆலை. லொறி நிறுக்கும் தராசில் பெட்டியைக் கழற்றி நிறுத்திவிட்டு எண்ணைப் பார்க்கலாம். அறுவடைக் காலத்தில் மட்டும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

தலை நிற்கும் உயரமும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. ஐரோப்பியக் கார்களில் பாரம் ஏற்றிய நிலையில் பந்தின் நடு தரையிலிருந்து 350 முதல் 420 மில்லிமீற்றர் வரை இருக்கும். உயர்ந்த கெப்பில் பந்து அதைவிட மேலே போய்விடும். பெட்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடும். அப்படி ஓடினால் பாரம் பின்னே சரியும். கீழிறங்கிய வளைவுள்ள தாங்கியைப் போட்டு, பெட்டி மட்டமாகவோ மூக்கு ஒரு விரற்கிடை தாழ்ந்தோ நிற்கச் செய்யுங்கள்.

பிரேக் விடயத்தில் மருமகனுக்கும் எனக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. 750 கிலோவுக்கு மேற்பட்ட பெட்டிக்குத்தான் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரேக் கட்டாயம்; நம்முடையது 700 தானே என்கிறார் அவர். எண்ணிக்கை சரி. ஆனால் எழுவான்கரை வீதியில் மாலை ஐந்து மணிக்கு மாடுகள் கூட்டமாகக் குறுக்கிடுவதும், அறுவடைக் காலத்தில் பாதி வீதியில் நெல் காய்வதும் அந்தச் சட்டங்களை எழுதியவர்கள் பார்த்த வீதிகளில் இல்லை. கெப்பைச் சடுதியாக நிறுத்தினால் 700 கிலோ பின்னிருந்து தள்ளும். பெட்டி முன்னே தள்ளும் விசையையே கொண்டு பெட்டியின் பிரேக்கை அழுத்தும் தலை ஒன்று உண்டு. மின்சாரம் வேண்டாம், ஓட்டுநர் ஒன்றும் செய்ய வேண்டாம். அதைப் போடுங்கள் என்பது என் தீர்ப்பு. பழைய மாதிரியானால் பின்னெடுக்கும்போதும் அது பிரேக் பிடித்துக்கொள்ளும், பூட்டை மாட்ட வேண்டும். புதிய மாதிரிகளில் அந்தத் தொல்லை இல்லை.

அந்த பிரேக்குக்கும் ஒரு பலவீனம் உண்டு, அது தெரிவது ஏ-5 வீதியில். செங்கலடியிலிருந்து மகாஓயா வரை ஒன்றுமில்லை. பிபிலைக்கு அப்பால் லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்கு ஏறி, திரும்ப இறங்கும்போது, பெட்டி இறக்கம் முழுவதும் தள்ளிக்கொண்டே இருக்கும். அதன் பிரேக்கும் முழுவதும் உரசிக்கொண்டே சூடேறும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இயந்திரம் வேகத்தைப் பிடித்து வைத்திருந்தால் பெட்டி தள்ளுவது குறையும். காலை பிரேக்கில் வைத்துக்கொண்டே இறங்கும் நம் வேன் ஓட்டுநர்களின் வழக்கம் பெட்டியோடு சரிவராது.

சமதரையிலும் இரண்டு இடங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், வாவிப் பாலங்களில் ஏறும்போது பக்கத்திலிருந்து வரும் தள்ளல் திடீரென்று இருக்கும். பஸ் ஒன்று முந்திச் சென்றால் முதலில் ஒரு பக்கம், அடுத்து மறு பக்கம். பெட்டி ஆடத் தொடங்கினால் காலை வேகமிதியிலிருந்து எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள். எதிர்த்திசையில் ஒடிக்காதீர்கள், பிரேக்கை அழுத்தாதீர்கள், வேகம் கூட்டி நேராக்கலாம் என்ற வீரமும் வேண்டாம். மணிக்கு 60க்கு மேல் போகாதவருக்கு, மூக்குப் பாரமும் சரியாக இருந்தால், இது நடப்பது அபூர்வம்.

மற்றது லகுகலை. பொத்துவிலிலிருந்து சியம்பலாண்டுவைக்குப் போகும் வழியில் பொழுது சாய்ந்தால் யானை வீதிக்கு வரும். கெப் மட்டுமானால் பின்னெடுத்துத் திருப்பிவிடலாம். பின்னால் பெட்டியும் இருந்தால், பதற்றத்தில் பின்னெடுக்கும் முதல் பத்து மீற்றரிலேயே அது மடிந்து வீதிக்குக் குறுக்கே நிற்கும். அந்தத் துண்டைப் பகலிலேயே கடந்துவிடுங்கள்.

பழைய பெட்டி வாங்குகிறவருக்கு ஒரு சொல். டயரின் பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள். கேரவன் டயர் தேய்ந்து சாவதில்லை, வெயிலில் நின்று சாகிறது. பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. மாரி வெள்ளத்தில் சில்லு மூழ்கியிருந்தால் பேரிங்கைக் கழற்றிப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். முதல் இருபது கிலோமீற்றர் ஓடியதும் இறங்கிச் சில்லின் நடுவில் கையை வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் கை பொறுக்காத சூடு என்றால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

மருமகன் கெப்பை எடுக்கிறார். வேனை விற்கவில்லை, அது விருந்தினருக்கு. உழவு இயந்திரத்துக்கும் வேலை இருக்கிறது: அதன் இழுவைத் தட்டில் ஊசியைக் கழற்றிவிட்டு அதே 50 மில்லிமீற்றர்ப் பந்தைப் போல்டில் மாட்டச் சொல்லியிருக்கிறேன். தார் முடிகிற இடம்வரை கெப், மணலில் உழவு இயந்திரம், நடக்கும் வேகத்தில். பெட்டியின் தலையில் கைவைக்க வேண்டியதில்லை.

மிச்சம் இருப்பது காகித வேலை. பெட்டிக்குத் தனிப் பதிவு எப்படி, அவருடைய சாரதி அனுமதிப்பத்திரத்தில் உள்ள வகை இந்த எடையை இழுக்க இடம்தருகிறதா என்ற இரண்டையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் வரைபடத்தோடும் எடையோடும் போய்க் கேட்க வேண்டும். கெப்பின் காப்புறுதி, பெட்டி கொளுவியிருக்கும்போதும் செல்லுமா என்பதைக் கம்பனியிடம் கடிதமாகவே வாங்க வேண்டும், வாய்ப்பேச்சு போதாது. இந்தப் பதில்கள் கைக்கு வரும்வரை வெல்டிங் கடைக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.